மைக் ஒயர் அறுந்துபோகவில்லை

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. வந்த அன்றே பதில் போடாவிட்டால் உன் அம்மா என்னைச் சும்மா விடமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். இந்தத் தடவை நான்கு முறை எழுத உட்கார்ந்தேன். நான்கு முறையும் 'இங்கு எல்லோரும் நலம்' என்பதோடு பேனாவை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். நலத்துக்கு ஒன்றும் பெரிய குறைச்சல் இல்லை. இடது காது முழுதாகப் போய்விட்டது, வலது காதும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது. முப்பது வருஷம் மைக் செட் போட்டு, குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே உட்கார்ந்து சோறு தின்றவனுக்கு வேறென்ன நடக்கும். அதை எழுத எனக்குக் கூச்சமில்லை. எழுத வேண்டியது வேறொன்று இருக்கிறது, அதற்குத்தான் கை வரவில்லை.

பம்பாயில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏதோ ஒரு பழைய கட்டடத்து மாடியில் ஐந்தாறு பேர் கூடி வாசிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எழுதிவைத்த பாட்டு கிடையாது, மெட்டு கிடையாது, ஒருவர் வாசிப்பதைக் கேட்டு இன்னொருவர் வாசிக்கிறார், நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அவர்களில் ஒருவர் உன் விரல் தொடையில் தாளமாக இல்லாமல் துளையை மூடித் திறப்பது மாதிரி அசைவதைப் பார்த்துவிட்டு, நீங்கள் வாசிப்பீர்களா என்று கேட்டாராம். இல்லை, என் கைக்கு அது ராசியில்லை, நான் ஒயருக்கு ஈயம் வைத்தால்கூட விட்டுப்போகும் என்று சிரித்துக்கொண்டு சொன்னேன் என்று எழுதியிருந்தாய். அதை நீ தமாஷாகத்தான் எழுதினாய். உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே வந்தவன் அந்த இடத்தைத் தாண்டிவிட்டு அடுத்த வரியை வாசித்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பாதிதான் தெரியும்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் என்று ஞாபகம். கொடைக்கானலில் யாரோ பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், ஒரு சாக்கு நிறைய இசைத்தட்டு வாங்கி வந்தேன். கல்யாண வீடுகளில் போட ஏதாவது தேறும் என்று நினைப்பு. பழங்காநத்தம் வீட்டுக் கூடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தபோது, உறை கிழிந்த ஒரு தட்டு வந்தது. வைத்ததும் நான் ஊசி போய்விட்டது என்று நினைத்து ஊசியை மாற்றினேன். அப்புறம் வேகத்தை மாற்றினேன். வேகத்தைக் கூட்டினால் கோழி கூப்பாடு, குறைத்தால் மாடு. உன் அம்மா அடுப்படியிலிருந்து, பாத்திரம் உருளுதே பூனை வந்துருச்சா என்று கேட்டாள். நீ அப்போது கப்பலூர் பட்டறையில் லேத் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கை கழுவிக்கொண்டிருந்தவன் ஈரக்கையோடு வந்து நின்றாய். தட்டு ஓடி முடிகிற வரைக்கும் கையைத் துடைக்கவில்லை. "வேகம் சரியாத்தாம்ப்பா இருக்கு, அவங்க வாசிக்கிறதே அப்படித்தான்" என்றாய்.

அதற்குப் பெயர் ஜாஸ் என்றும், ஜாஸிலேயே மெட்டையும் அவிழ்த்துவிட்டு வாசிக்கிற ஒரு கூட்டம் உண்டு என்றும் பிறகு நீதான் எங்கிருந்தோ விசாரித்து வந்து சொன்னாய். நான் விடவில்லை. நம்மூர்த் திருவிழாவில் நாகஸ்வரக்காரர் மணிக்கணக்கில் ராகம் வாசிக்கவில்லையா, அதுவும் எழுதிவைத்து வாசிப்பதில்லையே, அதைக் கேட்கிறேனே, இதை மட்டும் ஏன் கேட்கமுடியவில்லை என்று மடக்கினேன். நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ராகம் ஒரு வீடுப்பா. எந்த ரூமுக்குப் போனாலும் வீட்டுக்குள்ளதான் இருக்கோம்னு ஒங்களுக்குத் தெரியும். இவங்க வீட்ட விட்டு வெளிய வந்து நிக்கிறாங்க. கூட நிக்கிறவன் என்ன செய்யிறான்னு காதக் குடுத்தாத்தான் அடுத்த அடி வைக்க முடியும். வாசிக்கிறத விடக் கேக்குறதுதான் இதுல அதிகம்." வேலைவெட்டி இல்லாதவன் பேச்சு என்று சொல்லி எழுந்துபோனேன். ஆனால் உனக்குள் என்னவோ நடக்கிறது என்று புரிந்தது. புரிந்ததால்தான் எரிச்சல் வந்தது.

நம் தெரு பேண்டு செட் மாஸ்டரிடம் நீ சின்ன வயதிலேயே கிளாரினெட் கற்றுக்கொண்டவன். கல்யாண ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு வாசித்தால் பெண்கள் மாடியிலிருந்து எட்டிப்பார்ப்பார்கள், எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தத் தட்டு வந்தபிறகு நீயும் உன்னோடு பட்டறையில் வேலை பார்த்த சேகரும், அவன்தான் தவில் அடிப்பவன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கீழக்குயில்குடிக்குச் சைக்கிளில் போய் மலையடியில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தீர்கள். தெருவில் வாசித்தால் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்கிறார்கள் என்பதால்தான் அம்புட்டுத் தூரம். அங்கே ஆடு மேய்க்கிறவர்கள் ஒன்றும் சொல்வதில்லை என்றாய். ஆடும் ஒன்றும் சொல்லாதா என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். என் கேலியை நீ எப்போதும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அதுவும் இப்போது குத்துகிறது.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் சொல்லக்கூடாதது, உன்னிடமும் சொன்னதில்லை. கூட்டங்களில் ஒருவர் பேச ஆரம்பித்து நிறுத்தமாட்டேன் என்கிறார் என்று வை. விழா நடத்துபவர் எழுந்துபோய் உட்காருங்கள் என்று சொன்னால் பகையாகிவிடும். அதற்காக முன்கூட்டியே மைக் செட்காரனிடம் சொல்லிவைத்திருப்பார்கள். விழா நடத்துபவர் தோள் துண்டை எடுத்து ஒரு உதறு உதறி அடுத்த தோளில் போடுவார். நான் வால்யூமைத் திருகி மைக்கைக் 'கூ' என்று கத்தவிட்டு, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் கையை விட்டு மைக் பின்னை அரை விரற்கடை இழுத்துவிடுவேன். சத்தம் போய்விடும். நான் எழுந்து ரொம்ப வருத்தத்தோடு, மன்னிக்கணும், ஒயர் கட்டாயிருச்சு என்று சொல்வேன். பேசியவருக்கும் மரியாதை கெடாது, கூட்டத்துக்கும் விடுதலை. எத்தனை பேரை இப்படி உட்காரவைத்திருக்கிறேன் என்று கணக்கில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. சண்டை வராமல் ஒரு காரியத்தை முடிப்பது சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் உங்கள் பட்டறை ஆயுத பூஜைக்கு மைக் செட் நான்தான். காலையிலேயே நீ வந்து எனக்கு உதவியாகக் குழாய் கட்டினாய். மேடை மைக்கின் ஒயர் நைந்திருந்தது. நான் வேறு ஒயர் எடுக்கப் போனபோது, இருங்கப்பா என்று சொல்லிவிட்டு நீயே உட்கார்ந்து அதை வெட்டி, சுரண்டி, ஈயம் வைத்து ஒட்டினாய். மணி மாதிரி ஒட்டினாய். லேத், டிரில், பிரஸ் எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். பூஜை முடிந்து பொரிகடலை கொடுத்தபிறகு வேலைக்காரர்கள் பாட்டு, மிமிக்ரி என்று நடந்தது. அப்புறம் நீயும் சேகரும் ஏறினீர்கள். முன்வரிசையில் முதலாளியும் அவர் குடும்பமும், அவருக்குத் தெரிந்த நாலு பட்டறைக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எனக்கு வேலை கொடுப்பவர்கள். எம் மகன் வாசிக்கப் போறான், கேட்டுட்டுப் போங்க என்று ஒவ்வொருவரிடமும் நான்தான் சொல்லிவைத்திருந்தேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு சுரத்தை நீளமாக ஊதினாய். அது மேலே ஏறி, கீச்சென்று போய், தடுக்கி நின்றது. சேகர் தவிலில் ஒரு அடி அடித்துவிட்டுச் சும்மா இருந்தான். மறுபடி ஒரு அடி. நீ திரும்ப ஏறினாய். ஐந்து நிமிஷம் இப்படியே போனது. என் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்த ஒரு பட்டறைக்காரர் குனிந்து, "என்னண்ணே, ஒம் மகன் இன்னும் சுதி சேத்துக்கிட்டு இருக்கானா? பாட்டு எப்ப வரும்?" என்றார். அவர் கேலி செய்யவில்லை, மெய்யாகவே கேட்டார். பின்னால் கேட்டவர்கள்தான் சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவுவதை நான் பார்த்தேன். முதலாளியின் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மேடையில் நீ நிற்கிறாய், அவமானம் எனக்கு.

இனிமேல் எழுதப்போவதைத்தான் ஒன்பது நாளாக எழுதமுடியவில்லை. யாரும் துண்டை மாற்றிப் போடவில்லை. அங்கே முதலாளி பேண்ட் சட்டையில் இருந்தார், யார் தோளிலும் துண்டே இல்லை. துண்டு கிடந்தது என் தோளில் மட்டும்தான். நான் வால்யூமைத் திருகினேன். மைக் கத்தியது. நீ கண்ணைத் திறந்தாய். நான் பின்னால் கையை விட்டுப் பின்னை இழுத்தேன். எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மன்னிக்கணும், மைக் ஒயர் கட்டாயிருச்சு என்றேன். சொல்லி முடித்தபிறகுதான் அந்த ஒயரை ஒட்டியது நீ என்பது நினைவுக்கு வந்தது. அப்போதும் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நீ மைக் இல்லாமலே இன்னும் கொஞ்ச நேரம் வாசித்தாய். கூட்டம் எழுந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போனது. நீ கிளாரினெட்டை இறக்கிவிட்டு என்னைப் பார்க்காமல் ஒயரைப் பார்த்தாய்.

நீ இறங்கிப் போனபிறகு ஒரு அம்மா என்னிடம் வந்தாள். பட்டறையில் கூட்டிப் பெருக்குகிற பேச்சியம்மாளை உனக்கு நினைவிருக்கும். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. "ஏண்ணே அதப் புடுங்குனீக?" என்று கேட்டாள். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி, எதை என்றேன். "நல்லாத்தான போய்க்கிட்டிருந்துச்சு. அந்தத் தம்பி நம்ம பட்டறயத்தான வாசிச்சுச்சு. லேத்து ஏறி எறங்குறது, பிரஸ்ஸு விழுகுறது, அம்புட்டும் அப்படியே இருந்துச்சு. மிஷினு எல்லாம் இன்னைக்கி லீவுல கெடக்கே, அதுக்குப் பதிலா அதுக பேசுதுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். படிக்காத பொம்பளை ஏதோ சொல்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

திரும்பி வரும்போது வேனில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தொழிலில் பெயர் கெட்டுவிட்டதே என்று நான் வருந்துவதாக நீ நினைத்துக்கொண்டாய். "விடுங்கப்பா. நான் ஒட்டுனதுதான விட்டுருச்சு. ஒங்க மேல தப்பு இல்ல" என்று சொன்னாய். என்னைத் தேற்றினாய். அன்று நீ என்னை அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. மறுநாள் காலையில் அந்த ஒயரைக் காட்டச் சொன்னாய், எங்கே விட்டது என்று பார்க்கவேண்டும் என்றாய். அந்த முனையை நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். போடவில்லை. ஒயரை நறுக்காமல் அப்படியே என் பழைய டிரங்குப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். அகப்பட்டுவிடக்கூடாது என்று வைத்தேனா, ஒருநாள் சொல்லவேண்டும் என்று வைத்தேனா, எனக்கே தெரியாது.

ஒரு மாதம் கழித்து, பட்டறையில் விட்டுவந்த குழாய் கிளாம்பை எடுக்கப் போனேன். வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நீ அன்று லீவு. வாசலில் நின்றேன். லேத் இரும்பைத் தொட்டதும் ஒரு சத்தம் நீளமாக எழும்பி, கீச்சென்று ஏறி, தடுக்கி நின்றது. உள்ளே பிரஸ் ஒரு அடி விழுந்தது. அப்புறம் சும்மா இருந்தது. மறுபடி ஒரு அடி. நான் கேட்டதுதான் இது. ஆறேழு நிமிஷம் மைக்கில் கேட்டுவிட்டு, இது ஒன்றுமில்லை என்று நான் பின்னைப் பிடுங்கியது இதைத்தான். ஊருக்கெல்லாம் சத்தம் கேட்கவைத்தவன் என்று திரிந்தேனே, அந்தக் கூட்டத்தில் ஒழுங்காகக் கேட்டது கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒருத்திதான். அவளுக்கு அந்தச் சத்தம் பழகியது, அதனால் கேட்டாள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நீ எனக்கும் பழகியவன்தானே.

அன்றைக்கே சொல்லிவிடுவது என்று கிளம்பி வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது மேசை மேல் கிளாரினெட் பெட்டி இல்லை. மாஸ்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவர் வேறு யாருக்காவது கற்றுக்கொடுக்கட்டும் என்றாய். ஏன் என்று கேட்டேன். என் கைக்கு ராசியில்லை என்றாய். அப்போது சொல்லியிருக்கவேண்டும். சரி, வேலையைப் பார் என்றேன். இரண்டு வருஷத்தில் உனக்குப் பம்பாயில் வேலை கிடைத்தது. ரயில் ஏற்றிவிட்டபோதும் சொல்லவில்லை. உன் கல்யாணத்தில் மைக் செட் போட்டவனும் நான்தான், அன்றும் பாட்டுப் போட்டேனே தவிரச் சொல்லவில்லை. நாள் போகப்போக மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ மறக்கவில்லை, அதைத் தமாஷாக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் அப்பன் என்பவன் வாயைச் சும்மா வைத்திருக்கமாட்டான். உன் மகள் வளர்ந்து ஏதாவது செய்து காட்டும்போது உனக்குப் புரியாமல் போகலாம். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல். சண்டை வந்தால் வரட்டும். சண்டை வராமல் முடிக்கிற சாமர்த்தியம் மட்டும் வேண்டாம். நான் நேராக எழுந்து, நிறுத்துடா என்று கத்தியிருந்தால் நீ என்மேல் கோபப்பட்டிருப்பாய், மறு ஞாயிற்றுக்கிழமை மலையடிக்குப் போய் இன்னும் சத்தமாக வாசித்திருப்பாய். நான் உன்னை உன் கைமேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிப்பாயா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது, அதனால் கேட்கவில்லை.

மைக் செட்டை எல்லாம் போன வருஷமே விற்றுவிட்டேன். அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நேற்று மத்தியானம் அதைத் தூசி தட்டி, ஒரு மைக்கையும் பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்றையும் கண்டெடுத்து, டிரங்குப் பெட்டியிலிருந்த உன் ஒயரை மாட்டினேன். சூடேற நேரம் எடுத்தது. வழக்கமாக ஹலோ ஹலோ என்பேன். நேற்று அது வாயில் வரவில்லை. "ஒயர் நல்லாத்தான் இருக்கு. நாந்தான் பின்னப் புடுங்குனேன்" என்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காது போனவனுக்கு ஒயர் போயிருக்கிறதா, காது போயிருக்கிறதா என்று எப்படித் தெரியும். இன்னொரு தடவை அதையே சொன்னேன். திரும்பினால் உன் அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் அதுவரை தெரியாது. கேக்குதா என்று கேட்டேன். என் வலது காதுக்குப் பக்கத்தில் வந்து, சத்தம் போட்டுச் சொன்னாள்:

"நல்லாக் கேக்குது. எனக்கு எதுக்குச் சொல்றீக, அவனுக்குச் சொல்லுங்க."

ஒயரைச் சுருட்டி, அம்மா கொடுத்தனுப்பும் பருப்புப் பொடியோடு இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். நீ ஒட்டிய இடத்தில் சுற்றியிருந்த துணி நாடாவை நான் பிரித்துவிட்டேன், ஈயம் தெரியும். இரண்டு கையாலும் பிடித்து எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் இழுத்துப் பார். நான் இழுத்துப் பார்த்துவிட்டேன், விடவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா